அம்மா, காது

1

பொது இடத்தில் குழந்தை அழும்போது முதலில் யாரைப் பார்க்க வேண்டும்? குழந்தையையா, நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களையா?

பிள்ளை வளர்த்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். குழந்தையைத்தான், இதில் என்ன சந்தேகம் என்று கேட்கலாம். வீட்டுக்குள் உட்கார்ந்து யோசிக்கும்போது நானும் அப்படித்தான் சொல்வேன். வெளியே போனால் என் கண் தானாக மற்றவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. யார் முகம் சுளிக்கிறார்கள், யார் செல்போனிலிருந்து தலையைத் தூக்குகிறார்கள், யார் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்கிறார்கள் என்று பார்த்து முடித்த பிறகுதான் மகளைப் பார்க்கிறேன். அதற்குள் அவள் குரல் இன்னும் ஏறியிருக்கும்.

நாங்கள் ஹைதராபாத்துக்கு வந்து இந்த மாதத்தோடு இரண்டு வருடம் ஆகிறது. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். கணவருக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நான் எம்.எஸ்சி. முடித்து, கல்யாணத்துக்கு முன் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். இப்போது வீட்டில்தான். மகள் யாழினிக்கு நாலரை வயது. ஓர் இரவு ரயிலில் ஊருக்குப் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு புலம்பெயர்ந்தவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் எழுதுகிறவர்கள் மத்தியில் என் தூரம் எவ்வளவு? ஆனாலும் பெற்ற பிள்ளை பேசுவது பாதி புரியாமல் நிற்பவளுக்குத் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லிப் பயனில்லை என்றும் தோன்றுகிறது.

போன வாரம் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்திருந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டே, தெலுங்கு வந்துவிட்டதா என்று விசாரித்தார். கொஞ்சம் கொஞ்சம் என்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த யாழினி, அம்மாவுக்கு வராது, எனக்குத்தான் வரும் என்று தெலுங்கிலேயே அவரிடம் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, நான்கு மாதம் முன்பு மெட்ரோ ரயிலில் நடந்தது நினைவுக்கு வந்தது. அதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எழுதிப் பார்த்தால் நான் செய்தது எவ்வளவு தவறு என்றாவது எனக்குத் தெரியும்.

2

யாழினிக்குத் தமிழ் நன்றாகப் புரியும். நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த மூன்றாவது மாதத்திலேயே இப்படி ஆகிவிட்டது. ஆரம்பத்தில் பெருமையாக இருந்தது. அத்தைகளிடமெல்லாம் போன் போட்டுப் பேசவைத்தேன். இப்போது அவள் வேகமாகப் பேசினால் முதல் பாதியைப் பிடிப்பதற்குள் இரண்டாம் பாதி போய்விடுகிறது. "மெல்லப் பேசு சாமி" என்றால், நான்தான் வகுப்பில் பின்தங்கிய பிள்ளை என்பது போல என்னைப் பார்க்கிறாள்.

மெட்ரோவில் அது நடந்த வாரம் அவளுக்குச் சளி பிடித்து, காதில் வலி வந்திருந்தது. அமீர்பேட்டில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாளைக்கு மூன்று வேளை சொட்டு மருந்து. வலி திடீரென்று அதிகமானால் உடனே கூட்டி வர வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். ஆகவே அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய சொல் காதுதான். காது வலிக்குதா, காதைக் காட்டு, காதுல தண்ணி போகப்போகுது என்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை அதே பேச்சு.

இரண்டாம் முறை காட்டிவிட்டு மெட்ரோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். மதிய நேரம். பெண்கள் பெட்டியில் நிற்கும் கூட்டம் இல்லை, உட்கார இடமும் இல்லை. சாஃப்ட்வேர் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் போல, மடியில் பெரிய பையோடு இருந்த ஒருத்தி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். யாழினி என் பக்கத்தில் உட்காரவில்லை. நடுவிலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள். இரண்டு சுற்று, மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அவள் செருப்பு இடம் கொடுத்த பெண்ணின் காலில் பட்டது. அந்தப் பெண் தள்ளி நின்றாள். எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க, கண்ணாடி போட்ட ஓர் அம்மா காட்டன் புடவையில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் யாழினியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாம். எனக்குப் போதுமானதாக இருந்தது. வேண்டாஞ்சாமி, உக்காரு சாமி என்று மூன்று முறை சொன்னேன். அவள் கேட்கவில்லை. பக்கத்தில் இழுத்து நிறுத்தி, கவுனுக்கு மேலேயே தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இந்தக் கிள்ளு தெரியும். முகம் சிரித்தபடி இருக்கும், கை மட்டும் தன் வேலையைப் பார்க்கும். எதிரில் இருப்பவருக்குத் தாய் மகளிடம் ஏதோ ரகசியம் பேசுகிறாள் என்றுதான் தோன்றும். அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

யாழினி என் கையை உதறிவிட்டுப் பின்னால் போய் நின்று கத்தினாள். ரயில் சத்தம், அடுத்த ஸ்டேஷனுக்கான அறிவிப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் என் காதில் விழுந்தது கடைசி இரண்டு சொல் மட்டும்தான்.

"அம்ம காது! அம்ம காது!"

3

வலி திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். இந்த நேரத்தில் போய்க் கிள்ளினோமே என்று பதறி, அவளைப் பிடித்து இழுத்து, தலையைச் சாய்த்து, காதைப் பார்க்க முயன்றேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு இன்னும் சத்தமாக அதையே கத்தினாள். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

கண்ணாடி போட்ட அம்மா எழுந்து வந்தார். குனிந்து என் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

"மீரு அம்ம காதா?"

அம்மா, காதா என்றுதான் எனக்குக் கேட்டது. இந்த ஊரில் ஒரு புண்ணியவதி, பிள்ளைக்கு என்ன வலி என்று விசாரிக்கிறாரே என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஆமாங்க, காதுதான்" என்றேன். அவருக்குத் தமிழ் புரியாதோ என்று, மகளைக் காட்டி, தலையை வருத்தமாக ஆட்டி, "காது, காது" என்று இன்னும் இரண்டு முறை சொன்னேன்.

தெலுங்கு தெரிந்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெலுங்கில் காது என்றால் அல்ல, இல்லை என்று அர்த்தம். யாழினி கத்தியது, "நுவ்வு மா அம்ம காது." நீ என் அம்மா இல்லை. அந்த அம்மா என்னிடம் கேட்டது, நீங்கள் இவளுடைய அம்மா இல்லையா என்று. நான் ஓடும் ரயிலில் முப்பது பேர் முன்னால், கண்ணீரோடு, இல்லை இல்லை என்று உறுதி சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சொல் எனக்குத் தெரியாதது இல்லை. காய்கறிக்காரரிடம் தினமும் கேட்கும் சொல்தான். நிதானமாக இருக்கும்போது தெலுங்குக் காது வேறு, தமிழ்க் காது வேறு என்று தெரியும். பிள்ளை அழும்போது என் மூளையில் தமிழ் ஒன்றுதான் மிச்சமிருக்கிறது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அந்த அம்மா யாழினியின் கையைப் பிடித்துத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டார். எனக்கு இடம் கொடுத்த பெண் கதவுக்குப் பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தி யாரிடமோ பேசினாள். அடுத்த ஸ்டேஷனில் இரண்டு ஊழியர்கள் காத்திருந்தார்கள். என் மடத்தனத்தைக் கேளுங்கள், குழந்தையின் காது வலிக்கு முதலுதவி செய்யத்தான் இவ்வளவும் என்று நினைத்து, எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். என் வயதுள்ள ஒரு பெண், பாதுகாப்புப் பணியில் இருப்பவர், எதிரே நோட்டோடு உட்கார்ந்தார். யாழினியை என்னிடம் விடாமல் கண்ணாடி போட்ட அம்மா பக்கத்தில் உட்காரவைத்து, கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார்கள். அப்போதுதான் எனக்கு ஏதோ சரியில்லை என்று உறைத்தது. அறையில் மருந்துப் பெட்டி எதையும் யாரும் திறக்கவில்லை.

குழந்தையின் பெயர் கேட்டார். யாழினி என்றேன். குழந்தையிடம் கேட்டார். யாலினி என்றாள். பள்ளியில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவளுக்கும் அதுதான் தன் பெயர். அந்தப் பெண் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அடுத்து, இன்டிப்பேரு என்ன என்றார். இன்டி என்றால் வீடு, பேரு என்றால் பெயர். எனக்கு இது புரிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில், "அம்மு" என்றேன். வீட்டில் நாங்கள் கூப்பிடுகிற பெயர். அவர் கேட்டது குடும்பப் பெயர் என்று பின்னால்தான் தெரிந்தது. இங்கே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பொதுவாக ஒரு பெயர் முன்னால் இருக்கும். எங்களுக்கு ஏது? என் ஆதாரில் கோபி முகவரி. என் பெயருக்கு முன்னால் என் அப்பாவின் முதலெழுத்து, அவள் பெயருக்கு முன்னால் அவள் அப்பாவின் முதலெழுத்து. எங்கள் இரண்டு பேரையும் சேர்க்கிற ஓர் எழுத்துகூட அந்த அட்டையில் இல்லை.

அவள் கத்தியது தெலுங்குக் காது என்பது அப்போதுதான் பிடிபட்டது. கணவருக்குப் போன் செய்தேன். ஆய்வகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வெளியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போட்டோக்களைக் காட்டலாம் என்று அவசரத்தில் போனின் பூட்டு எண்ணை இரண்டு முறை தவறாக அழுத்தினேன். ஒருவழியாகத் திறந்து பிறந்தநாள், மொட்டை, பள்ளி முதல் நாள் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். அந்தப் பெண்ணின் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. யாழினி பக்கம் திரும்பி, இவங்க யாரு என்று தெலுங்கில் மெதுவாகக் கேட்டார்.

யாழினி என்னைப் பார்த்தாள். பிஸ்கட்டைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். இன்னொரு பிஸ்கட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு அந்த இடம் புதிது, யூனிஃபார்ம் போட்டவர்களைக் கண்டால் பயம், வாயில் பிஸ்கட் என்று காரணங்களை அடுக்க என்னால் முடியும். பல நாள் அடுக்கியிருக்கிறேன். ஆனால் அந்த இடைவெளியில் நான் என் மகளிடம் கண்ணாலேயே கெஞ்சினேன் என்பதை மறைக்க முடியாது. சொல்லிவிடு சாமி என்று.

யாழினி நாற்காலியிலிருந்து இறங்கி, நேராக என்னிடம் வந்து, என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, உச்சா வருது."

தமிழில் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டார். "ஹவ் ஹவ், அம்மீச் ஹை" என்று நோட்டை மூடினார். ஆமாம் ஆமாம், அம்மாவேதான் என்று இந்த ஊர் உருதுவில் சொல்வது. கழிப்பறை எங்கே என்று அவரே கூட வந்து காட்டினார்.

திரும்பி வரும்போது கண்ணாடி போட்ட அம்மா வெளியே நின்றிருந்தார். அவருடைய ரயில்கள் எத்தனையோ போயிருக்கும். காது விஷயத்தை எனக்குத் தெரிந்த தெலுங்கிலும், காதைத் தொட்டும் விளக்கினேன். தமிழில் காது என்றால் இதுவா என்று தன் காதைத் தொட்டுக் கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். தவறாக நினைக்காதே அம்மா, நான் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, யாழினிக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"மீரு கில்லாரு. நேனு சூசானு."

நீங்கள் கிள்ளினீர்கள், நான் பார்த்தேன். கிள்ளுவதற்கு இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே சொல். இந்த முறை தவறாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை.

4

ஊரில் அப்போது எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பத்து. அம்மாவோடு சத்தியமங்கலத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்த அண்ணன், என் செருப்பில் ஒன்றை எடுத்து வெளியே போட்டுவிட்டான். நான் அலறினேன். கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார். ஒருவர் இறங்கி ஓடிப்போய்ச் செருப்பை எடுத்து வந்தார். அதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் அண்ணனைத் திட்டி முடித்துவிட்டார்கள். முன் சீட்டில் கூடையோடு இருந்த ஓர் அக்கா திரும்பி, அவன் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தார். அவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது.

அம்மா அவரிடம் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "நல்லா இன்னும் ரெண்டு போடுங்க. இது என்ற புள்ளயே இல்லீங்க. தவுட்டுக்கு வாங்குனது" என்றார். பஸ்ஸே சிரித்தது. அப்புறம் அந்தக் கூடைக்கார அக்காவே அண்ணனுக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை வெளியே வந்துவிட்டால் அது எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் திட்டலாம், அடிக்கலாம், தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். தாய் செய்ய வேண்டியது ஒன்றுதான். என்னால் உங்களுக்குத் தொந்தரவு என்பதை ஒப்புக்கொள்கிற மாதிரி, இது என் பிள்ளையே இல்லை என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், விஷயம் முடிந்துவிடும். மன்னிப்பு கேட்பதற்கு எங்களிடம் இருந்த வழி அது.

அன்று பஸ்ஸில் எல்லோரும் சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. அண்ணன் சிரித்தானா என்பது மட்டும் நினைவில் இல்லை.

5

மெட்ரோவில் நடந்ததைக் கணவரிடம் மறுநாள்தான் சொன்னேன். கிள்ளியதைச் சொல்லவில்லை. காது, அம்மு, உச்சா எல்லாவற்றுக்கும் விழுந்து விழுந்து சிரித்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "இனி வெளிய போனா தெலுங்குலயே பேசிக்கோ. அவ ஆதாரையும் பையில வெச்சுக்கோ" என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. நகல் எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். தெலுங்கில் கண்டிக்கத்தான் வரவில்லை. யாழினியே என் இலக்கணத்தைத் திருத்துகிறாள். தவறாகத் திட்டுகிற அம்மாவுக்கு யார் பயப்படுவார்கள்?

அதனால் வெளியே அவளைக் கண்டிப்பதையே விட்டுவிட்டேன். நல்ல தாயாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பயந்த தாயாகிவிட்டேன். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு நாள் சாக்லேட் அடுக்கின் முன்னால் தரையில் படுத்துவிட்டாள். நான் கூடையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். குனிந்து தூக்கினால் கத்துவாள், என்ன கத்துவாள் என்று தெரியும். பில் போடும் வரிசை எங்களைச் சுற்றி வளைந்து போனது. எங்கள் குடியிருப்பில் மேல் மாடியில் இருக்கும் பெண்மணி, இந்தக் காலத்து அம்மாக்கள் பிள்ளைகளை ஒன்றுமே சொல்வதில்லை என்று யாருக்கோ சொல்வது போல எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். மெட்ரோவில் அதிகம் செய்தவள், இங்கே ஒன்றும் செய்யாதவள். நடுவில் சரியான அளவு எது என்று சொல்ல யாரும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து, அவள் கோபம் எல்லாம் தீர்ந்து பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். எதற்காக அன்று ரயிலில் நீ என் அம்மா இல்லை என்று சொன்னாய் என்று. திட்டுகிற குரலில் கேட்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அவள் பொம்மையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"நுவ்வே செப்பாவு கதா."

நீதானே சொன்னாய்.

எப்போது என்றேன். அந்த அக்காவிடம் என்றாள்.

மேலே எழுதும்போது இதை நான் எழுதவில்லை. மறைக்க அல்ல, அவள் சொல்லும் வரை எனக்கே நினைவில்லை, அதனால் எனக்குத் தெரிந்த வரிசையிலேயே எழுதினேன். அவள் செருப்பு மூன்றாவது முறை காலில் பட்டபோது, இடம் கொடுத்த அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்து, தமிழிலேயே, "இது என்ற புள்ளயே இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. அந்தப் பெட்டியில் அது புரிந்த ஒரே ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்த யாழினிதான். சொல்லிவிட்டுக் கிள்ளினேன். அவள் அதையே தெலுங்கில் எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

அன்று மட்டும் இல்லை. ஹோட்டலில் பக்கத்து மேஜைக்காரர் மேல் தண்ணீர் கொட்டியபோது, கோயில் வரிசையில் முன்னால் நின்றவரின் பின்னலை இழுத்தபோது, மருத்துவரின் மேஜையில் இருந்த விளக்கைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து விளையாடியபோது என்று அவள் விரல்விட்டுச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. நான் வெட்கப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் அவளை விட்டுக்கொடுத்திருக்கிறேன், சிரித்துக்கொண்டே.

6

அவளை இப்படி விட்டுக்கொடுத்ததை அண்ணனிடம் மட்டும் சொன்னேன். ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். வீடியோவில் கூப்பிட்டால் யாழினியிடம் முதல் பேச்சே, "ஏம்புள்ள, தவுட்டுக்கு வாங்குன புள்ள எப்படி இருக்குது" என்பதுதான். மாமன் என்றால் அப்படித்தான், எங்கள் வீட்டில் எல்லா மாமன்களும் அப்படித்தான். அவளைக் கொஞ்ச அவனுக்குத் தெரிந்த சொல் அது.

அவன் கேட்டுவிட்டு, "இதுக்குப் போய் இத்தன ரோசனையா அம்மணி? நாமெல்லாம் இதக் கேட்டு வளரலியா?" என்றான்.

சத்தியமங்கலம் பஸ்ஸை நினைவுபடுத்தினேன். கொய்யாப்பழம் வரை அவனுக்கும் நினைவிருந்தது. அம்மா அப்படிச் சொன்னபோது உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். கடையில் யாரிடமோ ஒரு துணியை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு மறுபடி போனுக்கு வந்தான்.

"அது நெசம்னுதான் நெனச்சுட்டிருந்தேன்."

"எத்தன நாளைக்கு?"

"ஆருக்கு ஞாபகம். கொஞ்ச வருசம் இருக்கும். அப்பறம் தானாச் சரியாப் போச்சு." உடனே சிரித்து, "இப்ப என்ன கெட்டுப்போயிட்டேனா நானு?" என்றான். அவன் கெட்டுப்போகவில்லை. அம்மாவை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறான். ஆனால் கொஞ்ச வருடம் என்பது ஒரு குழந்தைக்கு எவ்வளவு என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. நான் கணக்கு டீச்சராக இருந்தவள்.

போனை வைத்ததும், ஞாயிற்றுக்கிழமை என்பதால், யாழினிக்கு எண்ணெய் தேய்க்க உட்காரவைத்தேன். நாங்கள் பேசியதை அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தலையைக் குனிந்து கொடுத்தபடியே கேட்டாள்.

"மரி மா அம்ம எவரு?"

அப்படியென்றால் என் அம்மா யார்?

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. பள்ளியில் நாளைக்கு என்ன கலர் டிரஸ் என்று கேட்பாளே, அதே முகம். பதில் வந்தால் போதும் என்ற முகம்.

நான்தான் என்றேன். தெலுங்கில் சொன்னால் சந்தேகம் இல்லாமல் இருக்கும் என்று "நேனே" என்றும் சொன்னேன். சரி என்று தலையை மறுபடி குனிந்துகொண்டாள். நம்பினாளா, எண்ணெய் கண்ணில் போய்விடும் என்று விட்டுவிட்டாளா, தெரியவில்லை.

அடுத்த மாதம் ஊரில் மாரியம்மன் நோம்பி, கோயில் திருவிழா. கணவருக்கு லீவு இல்லை, நானும் அவளும் மட்டும் ரயிலில் போகிறோம். கோயில் திடலில் நாற்பது சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அத்தனை பேரும் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்து, தவுட்டுக்கு வாங்கின புள்ளதானே நீ என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். அவர்களிடம் அப்படிச் சொல்லாதீர்கள் என்றால், ரெண்டு வருடம் பட்டணத்தில் இருந்ததும் இவளுக்கு என்ன வந்தது என்பார்கள். சொல்லாமல் விட்டால் யாழினி அந்தக் கேள்வியை மறுபடி கேட்பாள். அண்ணனிடம் பேசிவிட்டேன், அவன் முயற்சி செய்வதாகச் சொல்லியிருக்கிறான். மற்றவர்களை எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம். எனக்குப் பயம் என் நாக்கை நினைத்துத்தான். ரயிலில் அவள் யார் படுக்கையிலாவது ஏறிக் குதிப்பாள், யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், என் வாய் சிரித்துக்கொண்டே திறந்துவிடும்.

அதனால்தான் இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன். நம் பிள்ளை மற்றவர்களுக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டது. அவர்களிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும், பிள்ளையையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டையும் செய்கிற ஒரு வாக்கியம் உங்கள் வீட்டில் புழங்குகிறதா? இருந்தால் எழுதி அனுப்புங்கள். நீளமாக வேண்டாம், மூன்று நான்கு சொல்லுக்குள் இருக்கட்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதற்கு மேல் எனக்கு வாயில் வராது.